சூலூர் வானமும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும்

தபதி நதிக்குத் தெற்கே தொடங்கிக் குமரி முனை வரையில் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளத்துக்கு அரபிக் கடலின் ஈரக்காற்றை மறித்து நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, வடக்கே 2,637 மீட்டர் உயர்ந்த தொட்டபெட்டாவைத் தாங்கும் நீலகிரிக்கும், தெற்கே 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியைத் தாங்கும் ஆனைமலைத் தொடருக்கும் நடுவில், முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து, பெருஞ்சுவரில் திறந்து வைத்த கதவைப் போல ஒரு வழியை விட்டிருக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். அந்த வழியாக நுழையும் காற்று, கோயம்புத்தூரைக் கடந்து, நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள சூலூரின் தென்னந்தோப்புகளையும் விசைத்தறிக் கூடங்களையும் தாண்டிப் பல்லடத்துக் காற்றாலைகளைச் சென்று சேர்கிறது. இந்தக் காற்றின் பாதையிலேதான் இந்திய விமானப்படையின் சூலூர்த் தளம் அமைந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் வான்பிரிவு இந்த ஓடுபாதையைப் பயன்படுத்தியது. இன்று உள்நாட்டிலேயே உருவான தேஜஸ் போர்விமானங்களும், ஆண்டோனோவ்-32 சுமைவிமானங்களின் அணியும், துருவ் ஹெலிகாப்டர்களில் வான்சாகசம் நிகழ்த்தும் சாரங் குழுவும் இங்கிருந்தே எழும்புகின்றன.

இத்தளத்தைச் சூழ்ந்த கிராமங்களில் தோட்டத்துச் சாளைகளில் குடியிருக்கும் எங்களைப் போன்றோருக்கு, விமானம் பார்ப்பது தனியே நேரம் ஒதுக்கிச் செய்யும் வினோதமன்று. வாழைக்குத் தண்ணீர் திருப்பும்போதும், களத்து மேட்டில் தேங்காய் உலர்த்தும்போதும், தலைக்கு மேல் நிகழ்வதை நிமிர்ந்து பார்க்கிற சுபாவமே அது. ஆயினும் பல ஆண்டுகள் பார்த்து வந்த அநுபவத்தில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. விமானத்தையும் வானிலையையும் தனித்தனியே பார்ப்பவன் இரண்டையும் அரைகுறையாகவே அறிகிறான். கண்ணுக்குப் புலப்படாத வாயுமண்டலத்தின் அடுக்குகளை, அவற்றினூடே செல்லும் விமானமே நமக்குப் பிரத்தியட்சமாக்கித் தருகிறது. அவ்வாறு தரையிலிருந்து பெறும் அறிவு, பறப்பவர்களுக்கே உயிர்காக்கும் பயனுடையதாகக்கூடும். இக்கருத்தை இயன்ற அளவில் ஆராய்வதே என் நோக்கம்.

முதலில் காற்றின் திசையைக் கூறவேண்டும். இறக்கையின் தூக்குவிசை, விமானம் தரையைக் கடக்கும் வேகத்தைப் பொறுத்ததன்று. அதன் மீது காற்று பாயும் வேகத்தைப் பொறுத்தது. ஆகையால் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று வீசுமாயின், விமானம் ஓடுபாதையில் அசையாமல் நிற்கும்போதே அவ்வளவு வேகத்தை அது பெற்றுவிட்டதாகக் கொள்ளலாம்; ஏறுவதும் இறங்குவதும் காற்றை எதிர்நோக்கியே நிகழவேண்டும் என்னும் விதி இதனால் ஏற்பட்டது. சூலூர் ஓடுபாதை தென்மேற்கையும் வடகிழக்கையும் இணைக்கும் கோட்டில் கிடக்கிறது. கணவாயின் வழியே வைகாசி முதல் ஆவணி வரையில் மேல்காற்று வருவதும், ஐப்பசிக்குப் பின் வாடையும் கொண்டலும் எதிர்த்திசையிலிருந்து வருவதும் இந்த நிலத்தின் இயற்கையாகையால், காற்றின் போக்கை அறிந்தே இக்கோட்டை வகுத்திருக்கிறார்கள் என்று கருதுவதில் தவறில்லை.

ஓடுபாதைக்கு வடகிழக்கே குடியிருப்பவர்களுக்கு இதன் பயன் வெளிப்படையானது. ஆடி மாதத்தில் விமானங்கள் தென்மேற்கு நோக்கி எழும்பி மலைப்பக்கம் சென்றுவிடும். எங்கள் தென்னைகளுக்கு மேலே, சக்கரங்களை இறக்கி, இயந்திரத்தை அடக்கி, காற்றோடு சிறிது தள்ளாடிக்கொண்டு வருபவை இறங்கும் விமானங்களே. கார்த்திகையிலோ முறை தலைகீழாகி, எழும்பும் விமானங்கள் முழு முழக்கத்தோடு கூரைகளின் மேலே ஏறுகின்றன. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், ஐப்பசி மாதக் காலையொன்றில் வரப்பில் நின்றபடியே என்னிடம், "காத்து திரும்பிருச்சுங்க, ஏரோப்ளேன் கிழக்கால ஏறுது பாருங்க, இனி மழைக்கு அடி போட்டாச்சு" என்று சொன்னார். பருவக்காற்றின் மாற்றத்தை வானொலி அறிவிப்பதற்குமுன் அவர் ஓடுபாதையின் உபயோகத்திலிருந்து அநுமானித்துவிட்டார். அவருடைய தகப்பனார் எறும்பு முட்டை சுமப்பதையும் தட்டான் தாழப் பறப்பதையும் கொண்டு அறிந்ததை, இவர் இந்தப் புதிய அறிகுறியைக் கொண்டு அறிகிறார், முறை ஒன்றே.

இரு பருவங்களுக்கு இடைப்பட்ட நாட்கள் இன்னும் சுவையானவை. பங்குனி, சித்திரையில் காலை நேரத்துக் காற்று மந்தமாகக் கிழக்கிலிருந்து வருவதும், நிலம் காய்ந்தபின் மாலையில் அரபிக் கடலின் காற்று கணவாயைக் கடந்து குளிர்ச்சியோடு வந்து சேர்வதும் உண்டு. அத்தகைய நாட்களில் காலையில் ஒரு திசையில் ஏறிய விமானங்கள் மாலையில் மறுதிசையில் ஏறக் காணலாம். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 முதல் 14 வரையில், அதாவது ஆடிக் காற்று ஓயாத காலத்தில், 'தரங் சக்தி' என்னும் பன்னாட்டுப் பயிற்சியின் முதற்பகுதி சூலூரில் நடைபெற்று, ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் ஆகிய தேசங்களின் போர்விமானங்கள் இங்கு வந்திருந்தபோது, அவற்றைக் காண்பதற்கென்று வெளியூர்களிலிருந்தும் ஜனங்கள் திரண்டார்கள். அவர்கள் விமானத்தின் வேகத்தை வியந்தார்கள். அந்த அந்நிய விமானங்களும் நம்முடைய கணவாய்க் காற்றுக்குக் கட்டுப்பட்டவையே என்பது எனக்கு அதனினும் வியப்பாக இருந்தது.

ஓசையின் விஷயம் சற்றே நுட்பமானது. உஷ்ணமான காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 346 மீட்டர் செல்லும்; ஆகவே மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ள விமானத்தின் ஒலி நம்மை வந்தடைய ஏறக்குறைய ஒன்பது விநாடி ஆகிறது. அதற்குள் தேஜஸ் வெகுதூரம் கடந்திருக்கும் என்பதால், ஒலி வரும் திசையில் தேடுகிற குழந்தைகள் வெறும் ஆகாயத்தையே காண்கிறார்கள். இது எல்லாரும் அறிந்ததே. மார்கழி, தை மாதங்களின் அமைதியான விடியற்காலையில் தளத்தில் இயந்திரத்தைச் சோதிக்கும் ஓசை வெகுதூரத்துக்குத் தெளிவாகக் கேட்பதும், அதே ஓசை நண்பகலில் பாதித் தூரத்திலேயே மங்கிவிடுவதும் ஏன் என்பதைச் சிலரே எண்ணிப் பார்த்திருப்பார்கள். இரவெல்லாம் நிலம் தன் வெப்பத்தை இழப்பதால் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள அடுக்கு வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகவும் வெப்பமான காற்றில் விரைவாகவும் செல்வதால், மேல்நோக்கிச் சென்ற ஒலியலை வளைந்து மீண்டும் தரைக்குத் திரும்புகிறது. பகலில் தரை கொதித்தபின் அடுக்கு முறை மாறி, ஒலி மேல்நோக்கி வளைந்து நம்மைத் தவிர்த்துவிடுகிறது. இவ்வாறு தலைகீழான வெப்ப அடுக்கு நிற்கும் காலையில் புகையும் பனிமூட்டமும் தாழ்வாகவே தங்கும். ஆகையால், விடியற்காலையில் தளத்தின் ஓசை அருகில் கேட்பதுபோல் தோன்றினால் அன்று ஏழு, எட்டு மணி வரையில் பார்வைத்தூரம் குறைந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். என் குறிப்புகளில் இது பெரும்பாலும் பொருந்தியிருக்கிறது.

ஒலி எவ்வளவு தூரம் ஏமாற்றவல்லது என்பதற்கு 2020 மே 20 அன்று பெங்களூரில் நிகழ்ந்ததைக் காட்டலாம். நண்பகல் வேளையில் நகரம் முழுதும் ஒரு பெரும் வெடியொலி கேட்டு, நிலநடுக்கமோ என்று ஜனங்கள் வீதிக்கு வந்தனர். விமானப்படையின் சோதனைப் பறப்பு ஒன்றில் விமானம் 36,000 அடிக்கும் 40,000 அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் ஒலியினும் மிக்க வேகத்திலிருந்து குறைந்தபோது எழுந்த அதிர்வாக இருக்கலாம் என்றும், அத்தகைய ஓசை 65 முதல் 80 கிலோமீட்டர் தொலைவிலும் உணரப்படும் என்றும் பின்னர் பாதுகாப்புத் துறை விளக்கியது.

கோடையைப் பற்றிச் சில வார்த்தைகள் போதும். 15 பாகை உஷ்ணத்தில் உள்ள காற்று 40 பாகைக்கு ஏறும்போது அதன் அடர்த்தி ஏறக்குறைய எட்டு விழுக்காடு குறைகிறது. இறக்கைக்குத் தாங்கல் குறையும். இயந்திரத்துக்குள் செல்லும் காற்றும் குறையும். எனவே ஒரே சுமையோடு எழும்ப விமானம் நெடுந்தூரம் ஓடவேண்டியிருக்கிறது. ஆண்டோனோவ்-32, இறக்கையின் மேலே உயர்த்திப் பொருத்திய இரு பெரும் சுழலி இயந்திரங்களோடு, வெப்பமும் உயரமும் மிக்க தளங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டதாயினும், வெப்பக் காற்றின் விதிக்கு அதுவும் விலக்கன்று.

இனி ஈரத்தையும் மேகத்தையும் ஆராய்வோம். இதுவே இவ்விஷயத்தின் மையம் என்பது என் அபிப்பிராயம்.

போர்விமானம் கூர்மையாகத் திரும்பும்போது, அதன் இறக்கையின் மேற்பரப்பில் அழுத்தம் சட்டென்று தாழ்ந்து, அங்குள்ள காற்று கணப்பொழுதில் குளிர்கிறது. அக்காற்று போதிய ஈரமுடையதாயின் இறக்கையின் முதுகில் வெண்புகை போன்ற ஒரு மேகம் தோன்றி மறைகிறது. சித்திரை மாதத்து வறண்ட காற்றில் அது தோன்றுவது அரிது. ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் அதே விமானம் அதே திருப்பத்தில் வெள்ளை உடுத்தி வருகிறது. காற்றின் ஈரத்தை இவ்வளவு பளிச்சென்று காட்டும் கருவி கிராமத்தில் வேறொன்றும் இல்லை.

அந்த ஈரத்தை அளந்து, அதிலிருந்து மேகத்தின் அடிமட்டத்தைக் கணக்கிடவும் இயலும். சாதாரண வெப்பமானி ஒன்றும், குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்றும் நிழலில் தொங்கினால், அட்டவணையின் உதவியால் பனிநிலையை அறியலாம். பனிநிலை என்பது, காற்று எந்த உஷ்ணத்துக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி துளியாக மாறுமோ அந்த உஷ்ணம். மேலே எழும் காற்று கிலோமீட்டருக்கு 9.8 பாகை வீதம் குளிர்கிறது. அதன் பனிநிலையோ கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.8 பாகையே தாழ்கிறது. ஆகையால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி கிலோமீட்டருக்கு எட்டுப் பாகை வீதம் சுருங்கி, இடைவெளி முற்றும் மறையும் உயரத்தில் மேகம் பிறக்கிறது. ஒவ்வொரு பாகைக்கும் 125 மீட்டர் என்பதே கணக்கு. முற்பகலில் உஷ்ணம் 28 பாகையும் பனிநிலை 20 பாகையுமாக இருப்பின், நம் தலைக்கு மேல் 1,000 மீட்டரில் மேகத்தின் அடித்தளம் இருக்கும்.

சூலூரில் நின்று பார்ப்பவனுக்கு 1,000 மீட்டர் உயரத்து மேகம் ஓர் இனிய காட்சி. அதன் அடியில் ஹெலிகாப்டர்கள் தாராளமாகப் பறக்கலாம். வெயில் அங்கங்கே விழும். மழைக்குக்கூட அது போதாது. ஆனால் சூலூர் கடல்மட்டத்துக்கு மேல் நானூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. எனவே அந்த மேகத்தின் அடித்தளம் கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டரைத் தாண்டாது. நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூரோ ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கீழ்க்காற்று வீசும் நாட்களில் அதே ஈரக்காற்று மேட்டுப்பாளையத்திலிருந்து சரிவைத் தழுவி ஏறுமாயின், சமவெளியில் அழகிய வெண்மேகமாகத் தெரிவது, பர்லியாறு தாண்டிய பள்ளத்தாக்கில் எதிரே நிற்கும் மரம் தெரியாத மூடுபனியாக இருக்கும். மேகமும் பனிமூட்டமும் இரண்டு பொருள்களல்ல. பார்ப்பவன் நிற்கும் உயரமே அவற்றுக்கு இரண்டு பெயர்களை இடுகிறது. மலை ஏறாமல் சமவெளியிலேயே வாழ்பவர்கள் இதை மறந்துவிடுவது எளிது.

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 8 அன்று நிகழ்ந்ததை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்கமுடியாது. முப்படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவருடைய துணைவியார் மதுலிகா ராவத் உட்பட 14 பேரோடு ஒரு எம்.ஐ.-17வி5 ஹெலிகாப்டர், முற்பகல் 11.48 மணிக்குச் சூலூரிலிருந்து, குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரிக்குப் புறப்பட்டது. 12.15 மணிக்கு இறங்கவேண்டியிருந்தது, 12.08 மணியளவில் தொடர்பு அற்றது. காட்டேரி அருகே மலைரயில் பாதையில் நின்றிருந்த சிலர் எடுத்த படத்தில், ஹெலிகாப்டர் பனிமூட்டத்துக்குள் நுழைந்து மறைவதும், அடுத்த கணம் அதன் ஓசை மாறுவதும் பதிவாகியிருக்கின்றன. நஞ்சப்பச்சத்திரம் என்னும் சிற்றூரின் ஜனங்கள், தேயிலைத் தோட்டத்துப் பாட்டாளிகள், தீயின் நடுவே ஓடிச் சென்று, வீட்டிலிருந்த கம்பளிகளையும் குடங்களில் தண்ணீரையும் கொண்டு தங்களால் ஆனதைச் செய்தார்கள். பதின்மூவர் அன்றே மாண்டனர். குரூப் கேப்டன் வருண் சிங் பெங்களூர் மருத்துவமனையில் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15 அன்று உயிர்நீத்தார்.

இயந்திரக் கோளாறு, சதி, அசட்டை ஆகிய மூன்றையும் விலக்கிய முப்படை விசாரணைக் குழு, பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராது மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துள் புகுந்ததும், அதனால் விமானிக்குத் திசையுணர்வு மயங்கியதும், இயங்கும் நிலையிலிருந்த ஊர்தி நிலத்தில் மோதியதுமே காரணம் என்று 2022 ஜனவரியில் கண்டது. 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையில் இந்த விபத்து 'விமானிக்குழுவின் மனிதப் பிழை' என்னும் தலைப்பின்கீழ் இடம்பெற்றது. இரண்டு கூற்றுகளும் முரண்பட்டவை என்று சிலர் எழுதினர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மேகத்துள் புகுந்த மனிதனின் உடல் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தால், வானிலை எங்கே முடிகிறது, பிழை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.

நம் உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்களின் திரவம், திரும்புதல் மெதுவாக நிகழும்போது அதை உணர்த்துவதில்லை. தொடர்ந்து ஒரே சீராகத் திரும்பினாலும் சில விநாடிகளில் திரவம் அடங்கி, நேராகச் செல்கிறோம் என்ற பொய்யுணர்வையே தருகிறது. சாதாரணமாகக் கண், அடிவானத்தைக் கண்டு இந்தப் பொய்யைத் திருத்திவிடுகிறது. அடிவானம் மறைந்தபின் திருத்துவோர் இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954-இல் நடந்த ஆராய்ச்சி ஒன்றில், கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரைக் கண்பார்வை மறைக்கப்பட்ட நிலையில் பறக்கச் செய்தபோது, ஒருவர் தவறாமல் அனைவரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு எடுத்த சராசரி நேரம் 178 விநாடி. சூலூரிலிருந்து சென்ற குழுவினர் தேர்ந்தவர்கள். கருவிகளைக் கொண்டு பறக்கக் கற்றவர்கள். ஆனால் சமவெளியில் மூன்று நிமிஷம் கிடைக்கும் இடத்தில், பள்ளத்தாக்கின் இரு சுவர்களுக்கு நடுவே சில விநாடிகளே கிடைக்கின்றன.

சூலூர் அணியைச் சேர்ந்த மற்றொரு விமானத்தின் கதையும் மேகத்தோடு தொடர்புடையதே. 2016 ஜூலை 22 காலையில் தாம்பரத்திலிருந்து 29 பேரோடு போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஆண்டோனோவ்-32, வங்கக் கடலின் மேல் இடிமேகங்களைத் தவிர்க்க வழி விலக அனுமதி கேட்டபின், 23,000 அடி உயரத்திலிருந்து விரைவாகத் தாழ்ந்து மறைந்தது. ஏழரை ஆண்டுகள் சென்று, 2024 ஜனவரியில், சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் அடையாளம் காணப்பட்டன. கடலின் மேலே நிமிர்ந்து பார்க்கக் கிராமங்கள் இல்லை.

உயரே செல்லும் விமானங்கள் இழுக்கும் வெண்கோடுகளைப் பற்றியும் கூறவேண்டும். எங்கள் பக்கத்தில் இவற்றைப் பற்றிய வினாக்களே மிகுதி. இயந்திரத்திலிருந்து வரும் ஈரமான வெப்பப் புகை, கடுங்குளிர்ந்த காற்றோடு கலக்கும்போது உறைந்து பனித்துகளாவதே இக்கோடு. இது எந்த நிலையில் தோன்றும் என்பதை ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1941-இலும், அமெரிக்க விமானப்படையின் ஹெர்பர்ட் ஆப்பில்மன் 1953-இலும் கணக்கிட்டனர். குண்டுவீச்சு விமானங்களின் இருப்பிடத்தைக் கோடு காட்டிக்கொடுத்துவிடுகிறது என்ற யுத்தகால அச்சமே இந்த ஆராய்ச்சியைத் தூண்டிற்று. காற்று பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகைக்குக் குளிர்ந்திருக்கவேண்டும் என்பது பொது அளவு. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் இந்தக் குளிர் எட்டுக் கிலோமீட்டர் உயரத்திலேயே கிடைத்துவிடுகிறது; வெப்ப மண்டலமாகிய நம் நாட்டிலோ பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே செல்லவேண்டும். பயணிகள் விமானங்கள் ஏறக்குறைய அந்த எல்லையிலேயே பறப்பதால், ஒரு நாள் கோடு விழும், மறுநாள் விழாது. பயிற்சிக்காகத் தாழ்ந்து பறக்கும் சூலூர் விமானங்கள் இவ்வகைக் கோடுகளை இடுவதில்லை. விழுந்த கோடு உடனே அழிந்தால் மேலடுக்கு வறண்டிருக்கிறது என்றும், நெடுநேரம் நின்று பரந்து மெல்லிய திரையாக மாறினால் அங்கே ஈரம் ஏறிவருகிறது என்றும் கொள்ளலாம். அந்தத் திரையே இரவில் நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டுவது; 'அகல் வட்டம் பகல் மழை' என்று முன்னோர் சொல்லிவைத்த அறிகுறிக்கு, விமானம் சில மணி நேரம் முன்னதாகவே முன்னறிவிப்புத் தருகிறது.

விமானம் மேகத்தைக் கிழித்து மழையைக் கெடுத்துவிடுகிறது என்று எங்கள் பக்கத்தில் சிலர் வருந்துவதுண்டு. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது நியாயமன்று. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் நீர்த்துளியாகவே நிற்கும் நடுத்தர உயரத்து மேகத்தினூடே விமானம் செல்லும்போது, இறக்கையின் விளைவான குளிர்ச்சியால் துளிகள் உறைந்து விழுந்து, மேகத்தில் வட்டமான பெருந்துளை உண்டாவது நிரூபணமான உண்மை. ஆனால் எங்கள் நிலத்துக்கு மழை தருபவை, கணவாயில் நுழையும் மேல்காற்றின் மிச்சமும், பெருமளவில் ஐப்பசி, கார்த்திகையின் வங்கக் கடல் மேகங்களுமே. பாலக்காட்டுக்கு ஆண்டில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கையில் இப்பக்கம் ஏறத்தாழ 600, 700 மில்லிமீட்டரோடு நிற்பதற்கு மலையின் மழைமறைவே காரணம். அதற்கு விமானத்தின்மேல் குற்றம் சொல்வதற்கில்லை.

தரையிலிருந்து வானத்தைப் பார்க்கும் சாமானியரின் கண், நாட்டின் பாதுகாப்புக்கே கருவியான காலமும் ஒன்று உண்டு. 1940-இல் இங்கிலாந்தின் கடற்கரையில் நின்ற ரேடார் கோபுரங்கள் கடலை நோக்கியே பார்த்தன. எதிரி விமானம் கரையைத் தாண்டி நாட்டுக்குள் வந்தபின் அதைப் பின்தொடரும் பொறுப்பு முழுவதும் 'அப்சர்வர் கோர்' என்னும் பார்வையாளர் படையையே சார்ந்திருந்தது. 1925-இல் தோன்றிய அந்தப் படையின் ஏறத்தாழ 30,000 பேரில் பெரும்பாலோர் விவசாயிகள், கடைக்காரர்கள், ஆசிரியர்கள். அவர்கள் வயல்மேட்டில் அமைந்த சாவடிகளில் இரவும் பகலும் முறைவைத்து நின்று, விமானத்தின் வகை, எண்ணிக்கை, உயரம், திசை ஆகியவற்றைத் தொலைபேசியில் மையத்துக்குச் சொன்னார்கள். மேகம் மூடிய நாளில் கண்ணுக்குப் பதில் காதை நம்பினார்கள். அவர்களுடைய சேவையை மெச்சி 1941 ஏப்ரலில் அப்படைக்கு 'ராயல்' என்னும் பட்டம் வழங்கப்பட்டது. நான் இங்கே கோருவது விமானத்தைக் கண்காணிக்கும் வேலையை அல்ல. இராணுவ விமானங்களின் எண்ணிக்கையையும் நேரத்தையும் பதிந்து ஊருக்கெல்லாம் பரப்புவது தகாது என்பதும், தளத்தின் வேலியருகே படம் பிடித்துப் பகிர்வோர் தாம் செய்வதன் விளைவை எண்ணுவதில்லை என்பதும் என் உறுதியான எண்ணம். என் குறிப்பேட்டில் காற்று, மேகம், ஓசை, பார்வைத்தூரம் ஆகியவையே இடம்பெறுகின்றன.

கோருவது இதன் மறுபக்கம்: பறப்பவர்களுக்காக வானிலையைக் கண்காணிப்பது. அமெரிக்காவின் அலாஸ்காவில், சாலை இல்லாத மலைக் கிராமங்களுக்குச் சிறுவிமானங்களே வாகனமாக இருப்பதாலும், கணவாய்களில் மேகம் திடீரென்று இறங்கி அவற்றை விழுங்கி வந்ததாலும், கிராமவாசிகளையே ஊதியம் பெறும் வானிலைப் பதிவாளர்களாக நியமித்தனர். 1990-களின் இறுதியில் தொடங்கி, கணவாய்தோறும் கேமராக்களை நட்டு, சில நிமிஷங்களுக்கு ஒருமுறை புதுப்படம் விமானியின் கண்முன் வரும்படி செய்தனர். தெளிந்த நாளில் எடுத்த படம் பக்கத்திலேயே இருக்கும். எந்தச் சிகரம் மறைந்திருக்கிறது என்பதை ஒப்பிட்டு, புறப்படுவதா தங்குவதா என்று விமானி தீர்மானிக்கிறார். இன்று அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் இவ்வசதி உண்டு.

சூலூருக்கும் வெலிங்டனுக்கும் இடையே பறக்கும் வழி அரைமணி நேரத்துக்கும் குறைந்ததே. அதற்குள் வானிலை இரண்டு வேறு உலகங்களாகப் பிரிந்திருக்கிறது. விமான நிலையங்களில் பதிவாகும் அறிக்கை ஓடுபாதையின் மேலுள்ள வானத்தைச் சொல்லுமேயன்றி, நடுவிலுள்ள பள்ளத்தாக்கின் வயிற்றில் என்ன நிகழ்கிறது என்பதைச் சொல்லாது. மேட்டுப்பாளையம், கல்லாறு, பர்லியாறு, காட்டேரி, குன்னூர் என்று மலைச்சாலை ஏறும் வரிசையில் ஒவ்வோர் உயரத்திலும் ஒரு கேமராவும், ஈர வெப்பமானியும், அவை பழுதுபட்டபோது தொலைபேசியில் பேசக்கூடிய ஒரு மனிதரும் இருப்பாராயின், மேகத்தின் அடித்தளம் எந்த உயரத்தில் மலையைத் தொட்டிருக்கிறது என்பதைப் புறப்படுவதற்குமுன் நிமிஷக் கணக்கில் அறியலாம். அந்த மனிதர் வானிலை சாஸ்திரம் பயின்றவராக இருக்கவேண்டியதில்லை. தேயிலை கிள்ளுபவராகவோ, ரயில்பாதையைப் பராமரிப்பவராகவோ, தேநீர்க் கடை வைத்திருப்பவராகவோ இருக்கலாம். எதிர்மலையின் பாறை தெரிகிறதா, பாலத்தின் மறுமுனை தெரிகிறதா, மூட்டம் கீழிருந்து ஏறுகிறதா மேலிருந்து இறங்குகிறதா, சென்ற கால்மணி நேரத்தில் அது நெருங்கியதா விலகியதா என்னும் நான்கு வினாக்களுக்கு அவர் விடை சொன்னால் போதும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம் விவசாயிகளுக்காகச் செய்துவரும் பணியின் அநுபவம் அருகிலேயே இருக்கிறது. மாவட்ட நிர்வாகமும் விமானப்படையும் அதனோடு கைகோத்தால், பர்லியாற்றில் முதல் நிலையத்தை அடுத்த ஐப்பசிக்குள் அமைத்துவிடலாம்.